முயலுக்கு ஒரு வலைச்சட்டை

"இழு! அவங்க வந்துட்டாங்க, இழுடா!"

குணசுந்தரியின் குரல் படகிலிருந்து பாய்ந்தது. கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்த ஹேமந்த் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முங்கினான். ஏரியின் தரையில் நட்டிருந்த கம்பைத் தடவிக்கொண்டே இறங்கினான். அடியில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஏதோ கனமாக, உருண்டையாக.

தூரத்தில் ஒரு ஃபைபர் படகு இவர்களை நோக்கித் திரும்பியது. அதில் நான்கைந்து பேர், மடித்து வைத்த வலை.

"மேடம், இன்னியோட ஜான்சன் வூட்டு முறை முடிஞ்சிச்சி" என்றார் படகோட்டி ஆபிரகாம். "அவங்க வந்து வலைய கட்டிட்டாங்கன்னா அப்பால நாம கைய வெக்கக் கூடாது. பெரிய சண்ட ஆயிடும்."

பழவேற்காடு ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களுக்குப் பாடு என்று பெயர். முறை வைத்துத்தான் அங்கே மீன் பிடிக்க வேண்டும். ஒரு வீட்டின் முறை நடக்கும்போது அந்த வீட்டுக் கம்பை அடுத்த வீட்டுக்காரன் தொடமாட்டான். ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் தொடமாட்டான். லைட்ஹவுஸ் குப்பத்து ஜான்சன் காணாமல் போனதிலிருந்து அவனுக்குரிய பாடு இருந்த இடத்தில் வலை விழவில்லை.

'அப்படியானால் இந்த ஏரியிலேயே யார் கையும் படாத இடம் அதுதான்.' காலையில் டீ குடிக்கும்போது குணசுந்தரிக்குத் தோன்றியது இவ்வளவுதான். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்திருந்தாள்.

ஹேமந்த் தலையை வெளியே நீட்டினான். காதில் பாசி தொங்கியது.

"ஊர்ல எல்லாரும் பீரோல ஒளிச்சு வெப்பாங்க மேடம். இந்த ஆளு ஏரியில லாக்கர் திறந்திருக்கான்."

"சாவி?"

"முடிச்சு. என் கல்யாண முடிச்சைவிட டைட்டா இருக்கு."

ஆபிரகாம் கத்தியை நீட்டினார். கயிறு அறுந்தது. மூன்று பேருமாக அதைப் படகுக்குள் உருட்டிப் போட்டார்கள். கல் கட்டிய நீல நிற பிளாஸ்டிக் டிரம். அடுத்த முறைக்காரர்களின் படகு பக்கத்தில் வந்து நின்றபோது, குணசுந்தரி அதன்மேல் துப்பட்டாவை விரித்து உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். கம்பைப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்காமல் வலையைப் பிரிக்கத் தொடங்கினார்கள்.

கரையோரத்தில் ஆபிரகாமின் கொட்டகை. கதவைச் சாத்திவிட்டு டிரம்மின் மூடியைத் திருகினார்கள்.

உள்ளே கல்லுப்பு. விளிம்புவரை கல்லுப்பு.

ஹேமந்த் கையை விட்டுத் துழாவினான். கை சட்டென்று நின்றது. மெல்ல எதையோ வெளியே எடுத்தான்.

செத்த முயல். ரோமம் முழுக்க மழிக்கப்பட்ட முயல். அதற்கு யாரோ சட்டை போட்டிருந்தார்கள்! வெள்ளை நைலான் நரம்பில் பின்னிய வலைச்சட்டை, கழுத்திலிருந்து பின்னங்கால்வரை தோலோடு தோலாக ஒட்டியிருந்தது. காதுகளுக்குக்கூடத் தனித்தனியாக இரண்டு குட்டி உறைகள்.

"சாமி" என்று சிலுவை போட்டுக்கொண்டார் ஆபிரகாம்.

அடுத்தது. அதற்கும் சட்டை. அதற்கடுத்ததும் அப்படியே.

டிரம்மின் அடியில், அதே நரம்பில் பின்னிய வேறொரு வலையைச் சுருட்டிப் பொட்டலம் கட்டியிருந்தது. பிரித்துப் பார்த்தபோது மருந்துக் குப்பிகள் கிணுகிணுத்தன. சின்னச் சின்னக் குப்பிகள் பல. அவற்றின் நடுவே பெரிய குப்பி ஒன்று.

"கேஸ் முடிஞ்சுது மேடம்" என்றான் ஹேமந்த், தலையைத் துவட்டிக்கொண்டே. "ஆய்வுக்கூடம் சொன்னது இதுதானே? முயல் கூண்டைப் பார்த்துக்கிட்ட ஜான்சன் முயலுக்கு வெஷம் வெச்சான், மருந்தைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டான். போலீஸும் அதைத்தான் சொல்லுது. அவன் பொண்டாட்டி மட்டும்தான் இல்லேன்னு நம்மகிட்ட வந்து அழுதுச்சு. முயல் இருக்கு, மருந்து இருக்கு. என் சளிக்கு யாரு பொறுப்பு?"

குணசுந்தரி ஒரு உப்புக்கல்லை விரலிடுக்கில் உருட்டினாள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் மூழ்கிய படகுகளையும் துருவித் துருவிப் பழகிய விரல்கள் அவை. இப்போது மீஞ்சூரில் சொந்தமாக ஒரு துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள்.

"கொலைகாரன் பொணத்தை என்ன பண்ணுவான் ஹேமந்த்?"

"தூக்கிப் போடுவான்."

"சுத்தி ஏரி. நண்டுக்குப் போட்டா ஒரே நாள்ல எலும்பு. இவன் ஏன் உப்பு போட்டு வெச்சிருக்கான்?"

ஹேமந்த் துவட்டுவதை நிறுத்தினான்.

"கருவாடு போடுற ஊர்க்காரன். கெட்டுப்போகக் கூடாதுங்கறதுக்குத்தான் உப்பு போட்டிருக்கான். யார்கிட்டயோ காட்டணும்னு வெச்சிருக்கான்."

---

ஜான்சனின் மனைவி பிலோமினா, குப்பத்தில் தன் வீட்டு வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். அந்த வெயிலிலும் முழுக்கை ஜாக்கெட், மேலே கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. விரல் கணுக்களில் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்திருந்தது. பல வருடமாக விடாத தோல் நோய்.

ஈரத்தில் சுருண்ட முயல்சட்டையை குணசுந்தரி அவள் மடியில் வைத்தாள்.

"நீ பின்னினதா?"

பிலோமினாவின் ஊசி நின்றது. "ஆமாக்கா. அவருதான் டாக்டர் கேக்கறாருன்னு சொன்னாரு. பத்து எம்.எம். கண்ணியில போட்டுக் குடுத்தேன்." குரல் தழைந்தது. "இது எங்க கெடச்சிது? அவரு கெடச்சாரா?"

"இன்னும் இல்ல. ஏரியில எறக்கி வெச்சிருந்த ஒரு டிரம்ல இது கெடச்சிது. முயலுக்கு மட்டும்தான் பின்னினியா? வேற எதுக்காவது?"

"முயலுக்கு மட்டும்தான்."

பதில் வேகமாக வந்தது. பக்கத்திலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அண்ணாந்தாள். பாட்டில் காலியாகும்வரை இறக்கவில்லை.

"எம்மா, ஏரித் தண்ணிய மட்டும் உட்டு வைம்மா, மீனுங்க பாவம்" என்றான் ஹேமந்த்.

அவள் சிரித்தாள். பொத்தலுக்குத் திரும்பினாள். முடிச்சு நழுவியது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் நழுவியது.

"அக்கா, அவரு எலிக்குக்கூட வலிக்காம ஊசி போடணும்னு சொல்ற ஆளு. திருடன்னு சொல்லிட்டாங்க. போலீஸ் கையில மாட்டறதுக்குள்ள நீங்க நெசத்தக் கண்டுபுடிக்கணும்."

---

காட்டூர் வயல்களைத் தாண்டி, கைவிடப்பட்ட இறால் பண்ணை ஒன்றின் பின்னால் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். 'கழிமுகம் உயிரியல் ஆய்வகம்' என்ற பலகையில் பாதி எழுத்து உதிர்ந்திருந்தது. உள்ளே ஏசி குளிர். அதையும் மீறிக் காலிக் கூண்டுகளின் மூத்திர நெடி.

டாக்டர் தமிழ்வேந்தன் இவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"தோல் நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறோம். ஜான்சன் எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டான். வேற என்ன தெரியணும்?"

"முயலுக்கு எதுக்கு சார் சட்டை?" என்றாள் குணசுந்தரி.

அவர் கண்கள் சுருங்கின. "சட்டையைப் பத்தி யார் சொன்னா?"

"பின்னின பொண்ணு."

பெருமை அவரை வென்றது. "மருந்தோட அளவை எடையை வெச்சு மட்டும் சொல்லக் கூடாது. எலி எடையைப்போல நூறு மடங்கு எடை இருக்கற பிராணிக்கு நூறு மடங்கு தோல் இருக்காது. அதனால உடம்போட மேற்பரப்பு எவ்வளவுன்னு பார்த்து, அதுக்கேத்த மருந்து. எடையிலிருந்து மேற்பரப்பைக் கணக்குப் போட ஒரு பழைய சூத்திரம் இருக்கு. ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு எண். எலிக்கு ஒண்ணு, முயலுக்கு ஒண்ணு."

"அப்புறம் எதுக்கு வலை?"

"முயலோட காது! அந்தக் காதைச் சேர்க்கணுமா, வேணாமா, எவ்வளவு சேர்க்கணும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அதான் நேரடியாவே அளந்துட்டேன். உடம்போட ஒட்டுற வலை. அதுல எத்தனை கண்ணி, அதாவது எத்தனை கட்டம் இருக்குன்னு எண்ணணும். ஒரு கண்ணியோட பரப்பால பெருக்கணும். பத்து மில்லிமீட்டர் கண்ணின்னா நூறு சதுர மில்லிமீட்டர். முடிஞ்சுது."

"டெய்லர் கடை வெச்சிருந்தா இதுக்குள்ள ரெண்டு கிளை திறந்திருக்கலாம் சார்" என்றான் ஹேமந்த்.

டாக்டர் அவனைத் தூசியைப்போலப் பார்த்தார்.

"வலையில வந்த கணக்கும் சூத்திரத்துல வந்த கணக்கும் ஒத்துப்போச்சா சார்?" குணசுந்தரி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"சூத்திரம் எந்தக் காலத்துலயோ, குளிர் நாட்டு முயலை வெச்சுப் போட்டது. வித்தியாசம் வரத்தான் செய்யும்."

"கொஞ்சமாவா, நிறையவா?"

"நான் என் அளவை நம்பறேன்."

"முயலெல்லாம் எப்படி செத்துச்சு?"

"வெஷம்தான். ஊசி போட்ட மறுநாள் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் தண்ணியா குடிச்சுது. காலெல்லாம் நடுக்கம். ஈறுல ரத்தம். காலையில வந்து பார்த்தா அத்தனை தண்ணிக் குப்பியும் காலி, அத்தனை முயலும் கவுந்து கெடக்குது. தண்ணியிலதான் கலந்திருக்கான்."

"தண்ணியைப் பரிசோதனை பண்ணீங்களா?"

"சொட்டு இருந்தாத்தானே பண்றதுக்கு?"

வாசல்வரை வந்து சட்டென்று திரும்பினாள் குணசுந்தரி. "இந்த மருந்தை முயலைத் தவிர வேற எதுக்காவது போட்டீங்களா?"

"முயலுக்கு மட்டும்தான்."

அதே பதில். அதே வேகம். இரண்டு வெவ்வேறு வாயிலிருந்து.

---

திரும்பி வரும் வழியில் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் ஹேமந்த் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"மாமியார் மொட்டை மாடியில கருவாடு காயப்போடறாங்க மேடம். காக்கா மேல போட வேண்டிய பழியை என் மேல போடறாங்க. மூடறதுக்கு ஒரு துண்டு வலை வாங்கிட்டு வந்துடறேன். பிலோமினா சொல்லுச்சே, அதே பத்து எம்.எம்."

வாங்கி வந்தான். வண்டியில் கிடந்த ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தவன் குதித்தான்.

"பாத்தீங்களா, ஏமாத்திட்டான்! கேட்டது பத்து. குடுத்தது அஞ்சு. நான் யாருன்னு தெரியாம வேலைய காட்டிட்டான். இதோ வரேன்."

கடையில் அவன் கை ஆட்டிப் பேசுவது கண்ணாடி வழியே தெரிந்தது. பிறகு கை ஆடுவது குறைந்தது. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு வந்து உட்கார்ந்தான்.

"போன வேகத்துல வந்துட்டியே?"

"அசிங்கமாப் போச்சு மேடம். கண்ணிய சதுரமா விரிச்சு அளக்கக் கூடாதாம். ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சு, கண்ணு மூடினாப்ல ஆனதும், இந்த முடிச்சுலேருந்து அந்த முடிச்சு வரைக்கும் அளக்கணுமாம். அதான் பத்தாம். மீன் புடிக்கறவங்க எல்லாருக்கும் அதான் கணக்காம். 'இன்னாபா, ஊருக்குப் புச்சா'ன்னு கேட்டுட்டான்."

குணசுந்தரி வண்டியை எடுக்கவில்லை. அந்த வலைத்துண்டைப் பிடுங்கினாள். ஒரு கண்ணியை இழுத்து மூடினாள். பத்து. விட்டுச் சதுரமாக விரித்தாள். பக்கம் ஐந்து.

"ஹேமந்த். பிலோமினா பத்து எம்.எம்.னு சொன்னா. அவ ஊர்க் கணக்குல அது சரி. டாக்டர் அதைக் கேட்டு என்ன பண்ணினாரு?"

"பத்துப் பத்து நூறுன்னு…"

"விரிச்சுப் போட்டா அஞ்சஞ்சு இருபத்தஞ்சுதானே?"

ஹேமந்தின் வாய் திறந்தது. இந்த முறை அதிலிருந்து ஜோக் எதுவும் வரவில்லை.

"நாலு மடங்கு" என்றாள் அவள். "ஒவ்வொரு முயலுக்கும் இருக்கற தோலை நாலு மடங்காக் கணக்குப் போட்டிருக்காரு. அதுக்கேத்த மருந்தையும் நாலு மடங்கு ஏத்தியிருக்காரு. உன் அளவு தப்புன்னு சூத்திரம் கத்திச் சொல்லுச்சு. அவரு காதுல ஏறல."

"அப்போ வெஷம் வெச்சது யாரு மேடம்?"

"யாரும் வெக்கல. பெருக்கல் கணக்குதான் கொன்னுச்சு. தாகம் வெஷத்தால இல்ல, மருந்தால வந்த தாகம்."

"அடப்பாவி! ஜான்சன் தப்பு பண்ணலன்னா நேரா போலீஸ்ல சொல்லியிருக்கலாமே? மருந்தைத் தூக்கிக்கிட்டு ஓடறது எதுக்கு?"

அந்தக் கேள்வியைக் குணசுந்தரி மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள். ஜான்சனுக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தச் சட்டை போட்ட முயல்களெல்லாம் செத்ததை அவன் பார்த்தான். அது போதும். ஆனால் செத்த முயலை இனி யாரும் கொல்ல முடியாது. பின்னே யாருக்குப் போகாமல் தடுப்பதற்காக மருந்தைத் தூக்கினான்?

"அந்தப் பொட்டலம்!" என்றாள். சாவியைத் திருகினாள்.

---

கொட்டகையில் டிரம் வைத்த இடத்தில்தான் இருந்தது. குப்பிகளைச் சுற்றியிருந்த வலையை அவள் தரையில் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. அதே வெள்ளை நரம்பு, அதே பத்து எம்.எம். கண்ணி. ஆபிரகாம் ஒரு பக்கம் பிடிக்க, ஹேமந்த் மறுபக்கம் பிடிக்க, அது மெல்ல உருவம் எடுத்தது.

நீளமாக இரண்டு குழாய்கள். அகலமாக ஒரு நடுப்பகுதி. கீழே இன்னும் நீளமாக இரண்டு.

வெளியே அலை கேட்டது.

"மேடம்" என்றான் ஹேமந்த் மிக மெதுவாக. "இதுக்குக் காது இல்ல."

குணசுந்தரி பெரிய குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சின்னக் குப்பிகள் முயல் அளவுக்கு. இது வேறு அளவுக்கு. ரப்பர் மூடியை நகத்தால் தடவியவளின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஆளு அளவு" என்று முணுமுணுத்தார் ஆபிரகாம். "ஜான்சன் தனக்கே போட்டுக்க இருந்தானா இன்னா?"

குணசுந்தரி வலையைச் சுருட்டிக்கொண்டு நடந்தாள். ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிலோமினாவின் வீட்டுக்கொடியில் ஜான்சனின் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. குணசுந்தரி அதை உருவி, வலையின் மேல்பகுதியை அதன்மேல் வைத்தாள். சட்டையின் தோள் இரண்டு பக்கமும் நான்கு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வலையின் கையைவிடச் சட்டையின் கை நீளம்.

இது ஜான்சனின் அளவு இல்லை.

உள்ளே பானையில் சொம்பு மோதும் சத்தம். ஒரு முறை. நிறுத்தாமல் இன்னொரு முறை. மற்றொரு முறை.

குணசுந்தரி நிலைப்படியில் நின்றாள். பிலோமினா சொம்பை வாயிலிருந்து எடுத்துத் திரும்பினாள். அவள் கண் வலைமேல் விழுந்தது. சொம்பு நடுங்கி, தண்ணீர் ஜாக்கெட்டில் வழிந்தது.

"முயலுக்கு மட்டும்தான்னு சொன்னியே பிலோமினா."

"அக்கா…"

"இது யாரு அளவு?"

ஹேமந்த் பிலோமினாவின் கையிலிருந்து சொம்பை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தான்.

"சொன்னா அவரு திருடுனது நெசம்னு ஆயிடும்னு நெனச்சேன்க்கா. டாக்டர் வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு." பிலோமினா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இந்த வலச்சட்டைக்கு மின்னாடி ஊசி போட்ட மொத முயலுக்குத் தோல் நல்லா ஆவறத பாத்துட்டு அவருதான் எனக்காக டாக்டர்கிட்ட கெஞ்சுனாரு. எல்லா முயலும் நல்லா ஆவட்டும், அப்பால உன் பொண்டாட்டிக்குப் போடறேன்னு டாக்டர் சொன்னாராம். எங்க வூட்டுக்காரருதான் எனக்கு அளவு எடுத்தாரு. கூச்சமா கீது, போயானு சொல்லிச் சிரிச்சேன். நானே பின்னுனேன். என் அளவுதான்க்கா அது."

"அதுக்குள்ள முயலெல்லாம் செத்துச்சு" என்றான் ஹேமந்த். அவன் குரலில் நிம்மதி தெரிந்தது. "ஜான்சன் பயந்துட்டாரு. உனக்குப் போடறதுக்குள்ள மருந்து, வலை, சாட்சிக்கு முயல், எல்லாத்தையும் தூக்கிட்டாரு. திருடல மேடம். பொண்டாட்டிய காப்பாத்தியிருக்காரு! போலீஸ்ல சொல்லி…"

"ஹேமந்த்."

அவன் நிறுத்தினான். குணசுந்தரி பெரிய குப்பியைப் பிலோமினாவின் முன்னால் வைத்தாள்.

"மத்த குப்பி எல்லாம் முழுசா இருக்கு. இதுல பாதி இல்ல. மூடியில ஊசி எறங்கின ஓட்டை."

பிலோமினா அந்தக் குப்பியையே பார்த்தாள். பிறகு துண்டை எடுத்துக் கீழே வைத்தாள். முழுக்கை ஜாக்கெட்டின் கையை மெல்ல, மெல்ல மேலே சுருட்டினாள். தோளுக்குக் கீழே கருநீலமாகக் கன்றிப்போன வட்டம். நடுவில் ஒரு புள்ளி.

"வலைய குடுக்கப் போன அன்னிக்கி எங்க வூட்டுக்காரரு எலி ரூம்ல இருந்தாரு. வந்ததுதான் வந்தே, இப்பவே போட்டுடலாம்னு டாக்டர் சொன்னாரு. நான் அவருகிட்ட சொல்லல. மாதா திருவிழாக்குள்ள கை நல்லாயிடும், காட்டி ஆச்சரியப்படுத்தலாம்னு இருந்தேன்."

அவள் புன்னகைக்க முயன்றாள். பல்லிடுக்கில் மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தது.

"அவருக்குத் தெரியாதுக்கா. என்னைக் காப்பாத்திட்டோம்னு நெனச்சிக்கினு எங்கயோ ஒளிஞ்சிக்கினு கீறாரு. அவரு டிரம்ம தண்ணியில எறக்கறதுக்கு மின்னாடியே எனக்குப் போட்டாச்சு."